அளவுகோலும் விலைப்பட்டியலும்

‘விற்பனையாளர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பலருக்கு ஒரு சித்திரம் தோன்றும். கையில் பெட்டி, உதட்டில் புன்னகை, நாவில் தேன். வேண்டாத பொருளை வேண்டும்படி செய்யும் சாமர்த்தியம். ‘பொறியாளர்’ என்றாலோ வேறொரு சித்திரம் தோன்றும். வரைபடம், கணக்கு, எண்ணெய்க்கறை படிந்த சட்டை, குறைவான பேச்சு. இந்த இருவரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பிசைந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்டவரே விற்பனைப் பொறியாளர். நான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் நுழைவது எப்படி, முன்னேறுவது எப்படி, அதிலுள்ள அறம் யாது என்பவற்றைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நான் பிறந்த ஊர் காஞ்சிபுரம். கோபுரத்தின் நிழலிலும் தறியின் ஓசையிலும் வளர்ந்தவன். ஆனால் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்தவனல்லன். தறியோசையை நாள்தோறும் கேட்டேனே தவிர, தறிக்குழியில் ஒருநாளும் இறங்கியதில்லை. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது ஒரு பெரிய பாடத்திற்குக் காரணமாகப் போகிறது.

முதலில், இத்தொழில் ஏன் தோன்றிற்று என்பதைப் பார்ப்போம். அரிசியையோ உப்பையோ விற்பதற்குப் பொறியாளர் வேண்டியதில்லை. வாங்குபவருக்கே அதன் தரம் தெரியும். இயந்திரம் அப்படிப்பட்டதன்று. அதன் பயன் அது நிற்கும் இடத்தையும், இயக்கும் கையையும், செய்யவேண்டிய வேலையையும் பொறுத்தது. ஓரிடத்தில் பொன்னாக விளங்கும் பொறி, அடுத்த தெருவில் இரும்புச் சுமையாகிவிடும். ஆகவே பொருளை அறிந்தவரும் தேவையை அறிந்தவரும் ஒருவராகவே இருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

இதற்குச் சரித்திரத்தில் ஓர் அழகிய சான்று உண்டு. நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், மாத்யூ போல்டன் என்பவருடன் 1775-இல் கூட்டுச் சேர்ந்தார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைக்கப் பழைய எஞ்சின்கள் மலைமலையாக நிலக்கரியைத் தின்றுகொண்டிருந்தன. புதிய எஞ்சினின் பெருமையைச் சொற்களால் விளக்கினால் சுரங்க முதலாளிகள் நம்புவார்களா? போல்டனும் வாட்டும் ஒரு வழி செய்தார்கள். “எங்கள் எஞ்சினால் உங்களுக்கு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுங்கள்” என்பதே அவர்கள் கேட்ட உரிமைத்தொகை. எஞ்சின் எத்தனை முறை அசைந்தது என்று எண்ணிக் காட்டும் கருவியையும் பூட்டிட்டுப் பொருத்தினார்கள். வாங்குபவருக்கு இலாபம் இல்லையேல் விற்பவருக்கும் இல்லை என்ற இந்த ஏற்பாடு நாளடைவில் சச்சரவுகளையும் உண்டாக்கியது உண்மையே. ஆயினும் பொறியின் பயனை அளந்து அந்த அளவைக் கொண்டே விலை பேசியது பெரிய முன்மாதிரி.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று. ‘குதிரைத்திறன்’ என்ற அளவை உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலை என்று அதற்கு இலக்கணம் சொல்வார்கள். அந்த அளவு பரவியதற்கு விற்பனையே காரணம். ஆலைகளைக் குதிரை பூட்டி ஓட்டிக்கொண்டிருந்த முதலாளிகள், “உங்கள் எஞ்சின் எத்தனை குதிரைகளுக்குச் சமம்?” என்றுதான் கேட்டார்கள். வாட் அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே விடை சொன்னார். வாங்குபவர் எந்த அலகில் சிந்திக்கிறாரோ அந்த அலகில் கணக்குப் போட்டுக் காட்டுவதே விற்பனைப் பொறியாளரின் முதற்கலை. காஞ்சிபுரத்து நெசவாளரிடம் வாட்டுக் கணக்கிலும் நிமிடச் சுழற்சிக் கணக்கிலும் பேசினால் பயனில்லை. மாதத்திற்கு எத்தனை சேலை, சேலைக்கு எத்தனை நாள், உதவியாளுக்கு எவ்வளவு கூலி என்பவையே அவருடைய அலகுகள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1888-இல் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1898-இல் சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். பின்னர் கிணற்று நீரை எண்ணெய் எஞ்சின்களால் இறைக்கலாம் என்பதை உழவர்களுக்கு நேரில் செய்து காட்டினார். சேலத்தில் நெசவுச் சோதனைச்சாலை ஒன்றையும் நடத்தினார். பறக்கும் நாடாவின் பயனை அங்கே எடுத்துக்காட்ட முயன்றார்.

பறக்கும் நாடா என்பது 1733-இல் ஜான் கே என்பவர் கண்ட அமைப்பு. கயிற்றை இழுத்தவுடன் நாடா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தானே பாயும். பருத்தி நெசவில் அது வேகத்தைப் பெருக்கியது. ஆனால் காஞ்சியின் கோர்வைச் சேலைக்கு அது எளிதில் இடங்கொடுக்கவில்லை. ஏனெனில் கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். அதற்காகவே நெசவாளருக்கு அருகில் ஓர் உதவியாள் அமர்ந்திருப்பார். இங்கே வேகத்தைக் காட்டிலும் பிணைப்பே பெரிது. ‘உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட பொறியை இவர்கள் ஏன் ஏற்கவில்லை?’ என்று நெசவாளரைக் குறைகூறும் பொறியாளர், வேலையைப் பாராமல் பொறியை மட்டும் பார்க்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

இனி, என் அனுபவத்துக்கு வருகிறேன்.

நான் இயந்திரவியலில் பட்டயம் பெற்று, நெசவுக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் 1984-ஆம் ஆண்டு சேர்ந்தேன். அப்போது நான் விற்ற பொருள்களுள் தலையாயது ஜக்கார்டுப் பெட்டி. அது 1804-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு அமைத்த பொறியின் வழிவந்தது. தறிக்கு மேலே நிற்கும் அப்பெட்டியில் நூற்றுக்கணக்கான கொக்கிகள் இருக்கும். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் கயிறுகள் இறங்கிப் பாவு இழைகளைப் பிடித்திருக்கும். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். துளையுள்ள இடத்துக் கொக்கி மேலெழும். துளையற்ற இடத்துக் கொக்கி அப்படியே நிற்கும். இவ்வாறு அன்னமும் யாளியும் மயில்கண்ணும் இழையிழையாகப் பிறக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதிய நெசவாளர் இருந்தார். அவருடைய தறியில் கரைகளுக்குப் பழைய அமைப்பே இருந்தது. நான் அவரிடம் சென்று, முழு அகலத்துக்கும் போதுமான ஒரு பெரிய ஜக்கார்டுப் பெட்டியைப் பற்றி எடுத்துரைத்தேன். கரையிலும் பூ, உடலிலும் பூ, எல்லாம் ஒரே மிதியில் என்றேன். என் விலைப்பட்டியலில் அதுவே விலை மிகுந்த பொருள். எனக்கு வரும் ஊக்கத்தொகையும் அதில்தான் மிகுதி. அவர் பாதித் தொகையைத் தம் சேமிப்பிலிருந்து கொடுத்தார். மீதியைப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் முன்பணமாக வாங்கினார்.

பெட்டி வந்தது, பொருத்தினோம். மூன்றாம் நாளே செய்தி வந்தது. கரையில் இழை அறுகிறது, சரிகை உரிகிறது. சென்று பார்த்தேன். அது ஓட்டுக்கூரை வேய்ந்த தாழ்ந்த வீடு. பெட்டியைக் கூரைக்கு அடியில் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவே உயர்த்தியிருந்தார்கள். அந்த உயரம் போதவில்லை. சேலையின் அகலம் ஏறக்குறைய 4 அடி. நடுவிலுள்ள கயிறுகள் நேராக இறங்கின. ஓரத்துக் கயிறுகளோ மிகச் சாய்ந்து இறங்கின. சாய்வு மிகுந்தால் உராய்வு மிகும். இழை எழும் உயரமும் குறையும். நாடா செல்லும் வழி நடுவில் அகன்றும் ஓரத்தில் குறுகியும் போயிற்று. காஞ்சிச் சேலைக்கு ஓரமே உயிர். கரையும் கோர்வையும் அங்கேதான் இருக்கின்றன. பொறியில் பழுதில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அது உதவாத பொறி. நான் தறியை அளந்தேன், கூரையை அளக்கவில்லை.

அந்த முதியவர் சினந்து பேசவில்லை. “தம்பி, பெட்டி நல்ல பெட்டிதான். நீங்கள் ஒருமுறை இந்தக் குழியில் இறங்கி உட்கார்ந்து, மேலே நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்” என்றார்.

அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தறிக்குழியில் இறங்கினேன். நிமிர்ந்தேன். ஓட்டின் அடிப்புறம் தலைக்கு மேலேயே தெரிந்தது.

நிறுவனத்தில் முறையிட்டேன். விற்ற பொருளைத் திரும்பப் பெறும் வழக்கமில்லை என்று விடை வந்தது. வழக்கப்படி அது சரியே. பழுதற்ற பொருளைத்தான் கொடுத்திருந்தோம். ஆனால் தறி நின்றுவிட்டது. ஒரு நாள் தறி நின்றால் நெசவாளருக்கு மட்டுமல்ல, தார் சுற்றும் மனைவிக்கும் உதவியாளுக்கும் கூலி நிற்கிறது. முன்பணக் கடனோ நிற்பதில்லை. 23 நாட்கள் அத்தறி ஓசையின்றி இருந்தது. அந்த நாட்களில் நான் அந்தத் தெருவழியே போகக் கூசினேன்.

முடிவில் எங்கள் நிறுவனத்தின் மூத்த பொருத்துநர் ஒருவர் வழி சொன்னார். இரு கரைகளுக்கும் நேர் மேலே இரண்டு சிறு பெட்டிகளை வைத்தால் கயிறுகள் நேராக இறங்கும். தாழ்ந்த கூரையும் தடையாகாது. ஊரில் பலர் அறிந்திருந்த முறைதான் அது. அதன் விலையும் குறைவு. அதனாலேயே நான் அதை எடுத்துரைக்காமல் விட்டிருந்தேன். உயர்ந்த கூடம் வைத்திருந்த ஒருவரிடம் பேசிப் பெரிய பெட்டியை அவர் வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். விலையில் விழுந்த குறைவை என் ஊக்கத்தொகையைக் கொண்டும், மூன்று மாதச் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொண்டும் ஈடு செய்தேன். தறி மீண்டும் ஓடிற்று. ஆனால் அந்த 23 நாட்கூலியை என்னால் திருப்பித்தர இயலவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. பின்னாளில் அவர் எனக்கு வாடிக்கையாளர் எவரையும் அனுப்பி வைத்ததாகவும் தெரியவில்லை. கதைகளில் வருவதுபோல் எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

அந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு பழக்கத்தை மேற்கொண்டேன். விலைப்பட்டியலைப் பையின் அடியிலும் அளவுகோலை மேலேயும் வைப்பேன். வாடிக்கையாளர் வீட்டில் முதலில் வெளியே வருவது அளவுகோலாகவே இருக்கும்.

நண்பர்களே, இனி நீங்கள் செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கல்வி. பொறியியலில் பட்டயமோ பட்டமோ இத்தொழிலுக்கு வாயில். நெசவுத் துறையில் நாட்டமுள்ளவர்களுக்கு, 1960-இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மின்னியல், இயந்திரவியல், வேதியியல் என்று எதைப் படித்தாலும், அத்துறைப் பொருளை விற்கும் நிறுவனங்கள் உண்டு. மதிப்பெண்ணோடு கணக்கில் தெளிவும், கையால் கழற்றிப் பூட்டும் பழக்கமும் வேண்டும்.

இரண்டாவது, தொடக்கம். கூடுமானால் முதல் ஓரிரு ஆண்டுகளை விற்பனையில் கழிக்காதீர்கள். பொருத்துதல், பழுதுபார்த்தல் ஆகிய பகுதிகளில் கழியுங்கள். பொறி எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை அறிந்தவரின் சொல்லில் தனி உறுதி இருக்கும். வாட்டின் நிறுவனத்தில் புகழ்பெற்ற வில்லியம் மர்டாக், கார்ன்வாலில் எஞ்சின்களைப் பொருத்தி ஓடவிடும் பணியில் பல்லாண்டு உழைத்தவர். அவர்மீது சுரங்கக்காரர்கள் கொண்ட நம்பிக்கையே அந்நிறுவனத்தின் பெருமூலதனமாயிற்று.

மூன்றாவது, கேள்வி கேட்கும் கலை. விற்பனைக்குப் பேச்சுத்திறன் வேண்டும் என்பார்கள்; அதைவிடச் செவித்திறன் வேண்டும். இப்போது எந்த முறையில் வேலை நடக்கிறது? எங்கே தாமதமாகிறது? இதற்குமுன் என்ன கருவி வாங்கி ஏமாந்தீர்கள்? மின்சாரம் எப்படி? மழைக்காலத்தில் என்ன நிகழ்கிறது? அட்டை ஈரம் ஏறினால் விரியும். துளை இடம் பெயரும். ஆகவே மழையைப் பற்றிய கேள்வி வெறும் உபசாரமன்று. காஞ்சியில் தமிழோடு தெலுங்கும் சௌராட்டிரமும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. அவரவர் மொழியில் நான்கு சொற்களாவது கற்றுக்கொண்டால் கதவு சற்றே அகலத் திறக்கும்.

நான்காவது, பயன் கணக்கு. ஒரு கருவியின் விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 சேலை நெய்பவர் அதன் உதவியால் 4 சேலை நெய்யலாம் என்றும், கூடுதல் சேலையால் செலவு போக 2,500 ரூபாய் மிஞ்சும் என்றும் கொள்வோம். 12 மாதத்தில் கருவியின் விலை மீளும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை இன்னும் கேட்கவில்லை. நான்காவது சேலைக்கு வேண்டிய பாவும் சரிகையும் அவருக்குக் கிடைக்குமா? முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ மாதம் மூன்று சேலைக்குத்தான் நூல் கொடுக்கும் என்றால், தறியின் வேகம் கூடி என்ன பயன்? விலை ஒருநாளும் மீளாது. தடை பொறியில் இல்லாதபோது பொறியை விற்பது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதை ஒக்கும். அத்தகைய இடத்தில் “இது உங்களுக்கு இப்போது வேண்டாம்” என்று சொல்லும் துணிவு வேண்டும். அப்படிச் சொன்ன இடங்களில் சிலர் ஐந்தாண்டு கழித்து என்னைத் தேடி வந்ததுண்டு, பலர் வரவில்லை. இரண்டுக்கும் மனத்தை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது, சட்ட அறிவு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவை என்று ஒதுக்கியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005–06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தக் கருவி கைத்தறியின் இயல்பைக் கெடுக்காமல் உழைப்பை மட்டும் குறைக்கிறது, எது வாங்கியவரைச் சட்டத்தின் முன் நிறுத்தும் என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தும் மறைத்தால் அது வாணிகமன்று.

ஆறாவது, தொடர் கல்வி. நான் சேர்ந்தபோது இருந்த துளையட்டைக்குப் பதிலாக, மின்காந்தங்கள் கொக்கிகளைத் தேர்ந்தெடுக்கும் மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. சித்திரங்களைக் கணிப்பொறியில் வரைகிறார்கள். சரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று இழையைச் சிதைக்காமலேயே ஊடுகதிரால் கண்டறியும் கருவியும் காஞ்சியில் பயன்படுகிறது. கதிர் பட்டவுடன் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள கதிரைத் திருப்பி வீசும். அதைக் கொண்டு அளவைக் கணிப்பார்கள். இதை ஒரு பட்டுக்கடைக்காரருக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் விளக்க முடியுமானால் நீங்கள் இத்தொழிலுக்கு ஏற்றவர். காஞ்சிக்கு அருகே திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் எழுந்துள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கும் அமுக்கக்காற்றுப் பொறியும் வெட்டுக்கருவியும் அளவைக் கருவியும் விற்கும் இளைஞர்கள் இன்று பலர்.

முன்னேற்றம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். இத்தொழிலில் சம்பளத்தோடு ஊக்கத்தொகையும் உண்டு. விற்பனைப் பொறியாளராகத் தொடங்குபவர் ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பேற்கலாம். பின்னர் மண்டல மேலாளராகலாம். நிர்வாகத்தில் நாட்டமில்லாதவர் ஒரு பொருளில் ஆழ்ந்து, நாடெங்கும் ஆலோசனை சொல்லும் நிபுணராகலாம். துணிவுள்ளவர் சொந்த முகவாண்மை தொடங்கலாம். எந்த வழியாயினும் உங்களை உயர்த்துவது ஒரு குறிப்பேடுதான். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் என்ன பொருத்தினோம், எப்போது பழுதாயிற்று, ஏன் என்று எழுதிவைத்தால், பத்தாண்டில் அது எந்த நூலகத்திலும் கிடைக்காத நூலாகிவிடும். தொழிற்சாலையில் பொறியை வரைபவர்களும் உங்களைத் தேடிவந்து கேட்பார்கள்.

வாங்குபவரின் துன்பத்திலிருந்து பொறி பிறப்பதும் உண்டு. தெலுங்கானாவைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம் என்பவர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். போச்சம்பள்ளிச் சேலைக்காக அவருடைய தாயார் நூலை முளைகளைச் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை கையை வீசவேண்டியிருந்தது, தோள் நொந்தது. அதைக் கண்டு பல்லாண்டு முயன்று, 1999-இல் அவ்வேலையைச் செய்யும் பொறியை அமைத்து, அதற்குத் தாயாரின் பெயரான லட்சுமி என்பதையே வைத்தார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. யாருடைய தோள் எங்கே நோகிறது என்று அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாமோ வெளியிலிருந்து போகிறவர்கள்; கேட்டும் கண்டும் குழியில் இறங்கியும்தான் அதை அறியவேண்டும்.

வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை எந்த அதிகாரத்தில் வைத்தார் தெரியுமா? நடுவுநிலைமையில் வைத்தார். துலாக்கோலைப் பிடித்தவர் ஒருபக்கம் சாய்ந்துவிடலாகாது. விற்பனைப் பொறியாளர் ஒரு கையில் நிறுவனத்தின் விலைப்பட்டியலையும் மறுகையில் வாங்குபவரின் வாழ்வையும் ஏந்தி நிற்பவர். இரண்டுக்கும் நடுவே நேராக நிற்கப் பழகுவதே அவருடைய கல்வி. நான் அதை 23 நாள் நின்றுபோன ஒரு தறியிடம் கற்றேன். அதன் செலவை வேறொருவர் கொடுத்தார். நீங்கள் அந்தச் செலவை யாருக்கும் வைக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள், கூரையையும் அளந்துவிடுங்கள்.